இணையத்தில் கண்டதை ஊருக்குக் காட்ட ஒரு பக்கம்

திருகோணமலையில் மான் வீதியில் நடப்பது யாருக்கும் புதினமில்லை. கோட்டைப் பக்கம் மேயும், கடற்கரையில் படுத்திருக்கும், கடை வாசல் வரைக்கும் வரும். நாங்கள் சைக்கிளை ஒதுக்கிக்கொண்டு போய்விடுவோம். அதே மானை வெளியூரிலிருந்து வந்த ஒருவர் படமெடுத்து இணையத்தில் போட்டால், அது உலகத்துக்கே புதினம். கைக்குக் கை போகும்போது முதலில் எடுத்தவரின் பெயர் கழன்றுவிடும், பிறகு ஊரின் பெயரும் கழன்றுவிடும். கடைசியில் "இது எந்த நாடு?" என்ற கேள்வியோடு நம்முடைய வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேரும்.

படம் அதே படம்தான். அதோடு வந்திருக்க வேண்டிய நாலு வரி வழியில் விழுந்துவிட்டது. அந்த நாலு வரியை எப்படி எழுதுவது, எழுதியதைப் பிறர் வசதியாக வாசிக்கும்படி எப்படி ஒரு பக்கத்தில் வைப்பது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். கணினி படித்திருக்க வேண்டியதில்லை. போனில் தமிழ் ரைப் செய்யத் தெரிந்தால் போதும்.

தொகுப்புப் பக்கம் என்று நான் சொல்வது மிக எளிய ஒரு பொருள். இணையத்தில் நீங்கள் கண்ட விசித்திரங்கள், வழமைக்கு மாறான ஓவியங்கள், கெட்டிக்காரத்தனமான சின்னச் சின்ன வேலைகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இணைப்பும் குறிப்பும் எழுதி வைக்கும் பக்கம். இந்தப் பழக்கம் தேடுபொறிகளை விட மூத்தது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கியபோது, எங்கெங்கே புதுத் தளங்கள் வந்திருக்கின்றன என்ற பட்டியலை அவரே கையால் எழுதி வைத்திருந்தார். தேடித் தர அன்றைக்கு ஒன்றும் இல்லை. ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொன்னால்தான் உண்டு.

இன்றைக்குக் குழுக்களில் அனுப்புகிறோமே, அது போதாதா? அனுப்பிய அன்றைக்குப் போதும். அடுத்த வாரம் அது பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் கீழே புதைந்துவிடும். குழுவில் பிறகு சேர்ந்தவருக்கு அது கிடைக்காது, தேடுபவருக்கும் அகப்படாது. பக்கம் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரி, குறிப்பு எப்படி எழுதுவது? ஒரு கோப்பிப் பானையை எடுத்துக்கொள்வோம். சாம்பல் நிறத்தில் மங்கலான ஒரு படம் உங்களுக்குக் கிடைக்கிறது. படத்தில் ஒரு கோப்பிப் பானை, வேறொன்றும் இல்லை. அதை அப்படியே போட்டு "செம பகிடி, பாருங்கோ" என்று எழுதினால் பார்ப்பவர் ஒரு விநாடி பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கோப்பிப் பானை இருந்தது. வேறு அறைகளில் இருந்தவர்கள் நடந்து போய்ப் பார்த்தால் பானை வெறுமையாக இருக்கும். அதனால் 1991ல் பானைக்கு நேரே ஒரு கமராவைப் பொருத்தி, தங்கள் கணினியிலேயே அதைப் பார்த்துக்கொண்டார்கள். 1993ல் அந்தக் கமரா வலையில் இணைக்கப்பட்டது. அதன்பின் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்தப் பானையைப் பார்க்கலாம் என்றானது. 2001ல் கமராவை நிறுத்தினார்கள். பானையை ஏலத்தில் ஒரு ஜேர்மன் செய்தித்தளம் 3,350 பவுண்ஸ் கொடுத்து வாங்கியது. இன்று நாம் அம்மாவோடு வீடியோவில் கதைக்கும் கமராவின் மூத்த அண்ணன் இது."

இப்போது அதே மங்கலான படத்தை ஆள் திரும்பிப் பார்ப்பார். குறிப்பில் என்னென்ன இருக்கிறது என்று கவனியுங்கள்: பொருள் என்ன, யார் செய்தது, எப்போது, ஏன் செய்தார்கள், கடைசியில் என்ன ஆனது. பிறகு ஒரேயொரு வரி, அது ஏன் உங்களுக்குப் பிடித்தது என்பது. அந்தக் கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். மற்றத் தகவல்களை எவரும் தேடி எடுக்கலாம். உங்களுக்கு ஏன் பிடித்தது என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

எதையெல்லாம் சேர்க்கலாம் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது ஜோடி என்ற பெயரில் இயங்கும் இரண்டு கலைஞர்களின் பழைய பக்கத்தை. 1990களின் நடுப்பகுதியில் செய்தது. திறந்தால் கறுப்புத் திரையில் பச்சை நிறக் குறிகளும் எண்களும் கோடுகளும் குழம்பிக் கிடக்கும். தளம் பழுதாகிவிட்டது என்று நினைத்து மூடிவிடத் தோன்றும். மூடாமல் கணினியில் கொன்ட்ரோல் விசையோடு யூவை அழுத்துங்கள். பக்கத்தின் மூலநிரல், அதாவது அந்தப் பக்கத்தை உருவாக்க எழுதிய வரிகள், திறக்கும். அங்கே அதே குறிகள் ஒழுங்காக வரிசைகட்டி ஒரு குண்டின் வரைபடமாக நிற்கும்! இதற்குக் காரணம் எளிமையானது. வலைப்பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல், நீங்கள் எத்தனை இடைவெளி விட்டாலும் எத்தனை முறை அடுத்த வரிக்குப் போனாலும் அதையெல்லாம் ஒரே ஓர் இடைவெளியாகச் சுருக்கிவிடும். வரியைப் பிரித்துக் காட்டு என்று தனியாகச் சொன்னால்தான் பிரிக்கும். சொல்லாமல் விட்டதால் வரைபடம் உடைந்து ஓவியமாயிற்று. எச்டிஎம்எல்லின் முதல் பாடத்தை இதைவிட நன்றாகச் சொல்லித்தர எந்த ரியூசனாலும் முடியாது.

எழுத்தை வைத்துப் படம் செய்வது தமிழுக்குப் பழைய விளையாட்டு. சித்திரகவி என்று ஒரு தனி வகையே இருக்கிறது. பாட்டின் எழுத்துக்களைத் தேர் வடிவில் அடுக்கினால் இரதபந்தம். பின்னிப் பிணைந்த பாம்புகளின் உடல் நெடுக எழுதி, பின்னல் வெட்டும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு வரிக்கும் பொதுவாக நின்றால் நாகபந்தம். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வருவது மாலைமாற்று. 'விகடகவி' என்ற சொல்லை எல்லாரும் சின்ன வயதில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்திருப்போம். வலைக் கலையும் சித்திரகவியும் ஒரே பக்கத்தில் பக்கம் பக்கமாக இருப்பதைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை. தமிழில் தொகுப்புப் பக்கம் நடத்துபவரால்தான் இந்தச் சேர்க்கையைச் செய்ய முடியும்.

இன்னொன்று, நாம் தினமும் அனுப்பும் இமோஜி. 1999ல் ஜப்பானிய தொலைபேசி நிறுவனமான டொகோமோவுக்காக ஷிகெட்டாகா குரிட்டா என்பவர் 176 இமோஜிகள் செய்தார். ஒவ்வொன்றும் அகலத்தில் 12 புள்ளி, உயரத்தில் 12 புள்ளி. அவ்வளவு சின்ன இடத்துக்குள் மழை, குடை, இதயம் எல்லாம் இருந்தன. நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2016ல் அந்தத் தொகுதியைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பியில் 12க்கு 12, மொத்தம் 144 கட்டம் எடுத்து, அதற்குள் நம் ஊர்ப் புள்ளிமானை வரைந்து பாருங்கள். கொம்பை வைத்தால் காலுக்கு இடம் போதாது. புள்ளிகளை வைத்தால் உடம்பு தெரியாது. எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் அந்தக் கலை. வரைந்ததையும் பக்கத்தில் போடுங்கள்.

உள்ளூரில் தேட ஆரம்பித்தால் இன்னும் கிடைக்கும். ஓட்டோக்களின் பின்கண்ணாடியில் எழுதியிருக்கும் வரிகளைப் படித்துக்கொண்டே போனால் பயணம் முடிந்ததே தெரியாது. நிலாவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் கரையில் இழுத்துவிட்ட வள்ளங்களின் பெயர்களும் அதை எழுதிய நிறங்களும் தனித் தொகுப்பாகும். தூரிகையால் எழுதிய கடைப் பலகைகளை அச்சடித்த பதாகைகள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. எஞ்சியவற்றை இப்போதே படமெடுத்து வைப்பது நல்லது. ஓட்டோவின் இலக்கத்தகடும் ஆட்களின் முகமும் தெரியாதபடி எடுங்கள். கோட்டைக்குள்ளும் துறைமுகத்தை ஒட்டியும் படை முகாம்கள் இருப்பதால் அங்கே கமராவை நீட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் அலைய முடியாதவர்களுக்கு 2005ல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. இலங்கைத் தமிழ்ச் சஞ்சிகைகளும் விழா மலர்களும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். கட்டுரைகளை விடுங்கள், விளம்பரங்களைப் பாருங்கள். அந்தக் கால எழுத்து வடிவங்களும் சோப்பு, சைக்கிள் படங்களும் ஒரு பொக்கிஷம்.

கண்டெடுத்ததன் மூலத்தைத் தேடுவதும் இந்த வேலையில் ஒரு பகுதி. ஒரு படம் எங்கிருந்து வந்தது என்று அறிய கூகுள் லென்ஸில் அல்லது டின்ஐயில் அதைக் கொடுத்தால் அது வேறு எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும். டின்ஐயில் பழையதை முதலில் வரிசைப்படுத்தும் வசதியும் உண்டு. முதலில் போட்டவர்தான் செய்தவர் என்று உடனே முடிவுகட்டக் கூடாது, ஆனால் அவரிடமிருந்து நூல் பிடித்துப் போகலாம். கிடைத்தால் செய்தவரின் சொந்தப் பக்கத்துக்கே இணைப்புக் கொடுங்கள். அவருக்குப் போய்ச் சேர வேண்டிய ஆட்களை நடுவில் நின்ற வேறொரு பக்கத்துக்கு அனுப்புவது நியாயமில்லை.

இணைப்புகள் சாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ல் வெளியிட்ட கணக்குப்படி, 2013ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்துக்குள் திறக்க முடியாமல் போயிருந்தன. 1994ல் தொடங்கிய ஜியோசிட்டீஸில் சாதாரண மக்கள் தங்கள் பூனைக்கும் பூந்தோட்டத்துக்கும் கட்டிய பக்கங்கள் இலட்சக்கணக்கில் இருந்தன. 2009ல் அதை மூடியபோது, ஆர்வலர்கள் ஓடியோடிப் பிரதியெடுத்ததால்தான் பெரும் பகுதி தப்பியது. ஆகவே ஒன்றைத் தொகுப்பில் சேர்க்கும்போதே வலைப்பக்கங்களைப் பிரதியெடுத்துப் பாதுகாக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். இலவசம்தான், ஒரு நிமிட வேலை. அசல் இணைப்புக்குப் பக்கத்தில் அந்தச் சேமித்த பிரதியின் இணைப்பையும் வைத்தால் உங்கள் பக்கம் நீண்ட காலம் உயிரோடிருக்கும்.

அனுமதியைப் பற்றிச் சுருக்கமாக. இணைப்புக் கொடுக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. படத்தையே எடுத்து உங்கள் பக்கத்தில் போடுவதென்றால் கேட்க வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒருவரின் படைப்புக்கு அவர் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும் பாதுகாப்பு உண்டு. பிறர் பயன்படுத்தச் செய்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருப்பவற்றை அந்த உரிமம் சொல்வதன்படி எடுக்கலாம். நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017ல் பொதுவுடைமையான, அதாவது யாருடைய பதிப்புரிமையிலும் இல்லாத, தன் படைப்புகளின் படங்களை எல்லாரும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. புதியவர்கள் அங்கிருந்து தொடங்குவது சுகம்.

இனிப் பக்கத்தின் வடிவமைப்பு. தமிழுக்கென்று சில சங்கதிகள் இருப்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலாவது எழுத்து. நம் ஊர்களில் ரைப் செய்து தரும் கடைகளில் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் நடக்கிறது. பாமினியில் நடப்பது என்னவென்றால், கணினி ஆங்கில எழுத்தைத்தான் சேமிக்கிறது. அந்த எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் தமிழ் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழாகத் தெரியாது. யூனிகோடு என்ற பொதுக் குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். எனவே எங்கே திறந்தாலும் தமிழ்தான். உங்களிடம் இருப்பது எது என்று அறிய ஒரு வரியைப் பிரதியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கிலக் குழப்பமாக வந்தால் பாமினி போன்ற பழைய முறை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் போட்டு மாற்றிவிட்டுத்தான் பக்கத்தில் ஏற்ற வேண்டும். போனில் நேரடியாக எழுதியதென்றால் இந்தக் கவலை இல்லை.

அடுத்தது வரிகளுக்கிடையிலான இடைவெளி. ஆங்கிலத்துக்கென்று செய்த ஆயத்த வடிவங்களில் வரிகள் நெருக்கமாக இருக்கும். தமிழில் 'கி', 'கீ' மேலே சுழிக்கும், 'கு', 'கூ' கீழே இறங்கும், மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி வேறு. நெருக்கினால் மேல் வரியின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் புள்ளியும் மோதும். எழுத்தின் அளவைப் போல 1.7 மடங்கு வரி உயரம் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு மூச்சு வரும். எழுத்தின் அளவு 18 பிக்சலுக்கு (திரைப்புள்ளிக்கு) குறைய வேண்டாம். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், இலவசம், தெளிவானது. சாய்வெழுத்தைத் தமிழுக்குப் போடாதீர்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இல்லாததால் கணினி நேரெழுத்தைப் பிடித்துச் சரித்துவிடும். பார்க்கவே பாவமாக இருக்கும். அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் தடித்த எழுத்து இருக்கிறது.

இரண்டு ஓரத்தையும் நேராக வெட்டும் சீரமைப்பையும் தவிர்க்கச் சொல்வேன். அச்சுப் புத்தகத்தில் அழகாக இருக்கும். போனின் ஒடுங்கிய திரையில் தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு ஒரு வரியில் மூன்று சொல்தான் அடங்கும். அந்த மூன்றையும் ஓரத்துக்கு ஓரம் இழுத்தால் நடுவில் பெரிய வெற்றிடம் விழும். இடது ஓரம் நேராக, வலது ஓரம் ஏற்ற இறக்கமாக இருப்பதே வாசிக்கச் சுகம். கணினியில் திறக்கும்போது வரி திரையின் கடைசி வரை ஓடாமல் 650 பிக்சல் அகலத்தோடு நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வரியைக் கண் தொலைத்துவிடும்.

நிறத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. பார்வை குறைந்தவர்களும் பயன்படுத்தும்படி பக்கம் அமைக்கச் சொல்லும் வலையின் அணுகல் வழிகாட்டிகள் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. வெள்ளையில் மஞ்சள் 1க்கு 1ஐ ஒட்டியே நிற்கும், அதாவது கிட்டத்தட்ட எழுத்தே இல்லை. நீங்கள் எந்த நிறச் சேர்க்கையைத் தேர்ந்தாலும் உப்புவெளிக் கடற்கரையில் மத்தியான வெயிலில் போனைப் பிடித்து வாசித்துப் பாருங்கள். அங்கே தெரிந்தால் எங்கேயும் தெரியும்.

படங்களின் எடையைப் பலர் யோசிப்பதில்லை. போன் கமரா எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக 3, 4 எம்பி வரும். அப்படி 20 படம் போட்டால் ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்க 60, 80 எம்பி டேட்டா செலவழிக்க வேண்டும். ரீலோட் போட்டுத்தான் பார்க்கும் ஒரு மாணவிக்கு அது பெரிய செலவு. அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்து ஜேபெக் அல்லது வெப்பி வடிவில் சேமித்தால் ஒரு படம் 200 கேபி அளவுக்கு இறங்கும். போனின் திரையில் வித்தியாசம் தெரியாது. ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி இதைச் செய்து தரும். எழுத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்தான் போகும், பக்கக்கணக்கில் எழுதினாலும் ஒரு படத்தின் எடை வராது.

ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை என்று ஒன்று எழுத இடமிருக்கும். பார்வையற்றவரின் போன் படத்துக்குப் பதிலாக அதைத்தான் வாசித்துச் சொல்லும். "படம் 1" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "நீல வள்ளத்தின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் 'அன்னை' என்ற பெயர், எழுத்தின் முனைகள் அலைபோல் வளைந்திருக்கின்றன" என்று எழுதினால் அவரும் அந்தக் கரையில் நிற்கிறார். பக்கத்தின் மொழி தமிழ் என்று அமைப்பில் குறித்து வைக்கவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வாசிக்கும் குரல் தடுமாறும்.

போனில் திறந்தால் பக்கம் குட்டியாகத் தெரிந்து விரலால் பெரிதாக்க வேண்டியிருக்கிறதா? பக்கத்தின் நிரலில் வியூபோர்ட் என்ற ஒற்றை வரி விடுபட்டிருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் போன் தன்னை 980 பிக்சல் அகலமான கணினியாகப் பாவித்துப் பக்கத்தைச் சுருக்கிவிடும். ஆயத்த மாதிரிகளில் பெரும்பாலும் அது இருக்கும். கையால் எழுதுபவர்கள் முதலில் அதைச் சேர்க்க வேண்டும். தானாகப் பாடும் பாட்டு, ஓடும் எழுத்து, மினுங்கும் நட்சத்திரம் இவை எனக்கும் பிடிக்கும், பழைய ஜியோசிட்டீஸ் பக்கங்களில் அவற்றைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கும். உங்கள் தொகுப்பில் அப்படியான பக்கங்களுக்கு இணைப்புக் கொடுங்கள். குறிப்புகளை வாசிக்கும் இடம் மட்டும் அமைதியாக இருக்கட்டும்.

எங்கே வைப்பது? நிரல் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு கூகுள் சைட்ஸும் பிளாகரும் போதும். எச்டிஎம்எல் பழக ஆசையென்றால் 2013ல் தொடங்கிய நியோசிட்டீஸ் இருக்கிறது. ஜியோசிட்டீஸின் நினைவிலேயே பெயர் வைத்த இலவச இடம் அது, உலாவியிலேயே எழுதிச் சேமிக்கலாம். அங்கேயே மற்றவர்கள் கட்டிய ஆயிரமாயிரம் விசித்திரப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டும் போகலாம்.

தொடங்கும்போது ஐந்து பொருள் போதும். இரண்டு வெளியுலகத்தில் கண்டவை, இரண்டு நம் ஊரில் கண்டவை, ஒன்று நீங்களே வரைந்ததாக இருக்கட்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே சேர்த்த திகதியைப் போடுங்கள். முடிந்ததும் வீட்டு வைபையை நிறுத்திவிட்டு டேட்டாவில், உங்களுடையதல்லாத ஒரு பழைய போனில் திறந்து பாருங்கள். அந்தப் போன்காரரிடம் ஒன்றும் விளக்காமல் கொடுங்கள். அவர் எந்தக் குறிப்பில் நின்று வாசிக்கிறார், எதைத் தள்ளிவிட்டுப் போகிறார் என்று கவனித்து, தள்ளிய குறிப்பைத் திருப்பி எழுதுங்கள்.